முனைவர் பட்டத்துக்குப் பிறகு எந்த வேலை? டெல்டா ஆய்வாளர்களுக்கு ஓர் ஒப்பீடு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலோ திருச்சிராப்பள்ளியிலோ ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் ஒருவர், அடுத்து எந்த வேலையைத் தேடுவது என்று கேட்டால், அவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் மூன்று கேள்விகளில் முடிந்துவிடுகிறது. சம்பளம் எவ்வளவு, வேலை நிரந்தரமா, ஊருக்குப் பக்கமா என்பவையே அவை. மூன்றுமே நியாயமான கேள்விகள்தாம். ஆனால் நான்காவதாக ஒன்றைக் கேட்காமல் முடிவெடுப்பவர்கள் சில ஆண்டுகள் கழித்துச் சிக்கிக்கொள்வதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். இந்த வேலையில் மூன்று ஆண்டுகள் இருந்தால், அடுத்த விண்ணப்பத்தில் புதிதாக எதை எழுத முடியும் என்பதே அந்தக் கேள்வி. முதல் வேலையே கடைசி வேலையாக அமைவது இத்துறையில் அரிது என்பதால், வழிகளை ஒப்பிடும்போது இந்தக் கேள்விக்கே நான் முதலிடம் தருகிறேன்.

வாய்ப்புகளே இல்லாத பகுதி அல்ல இது. 1854இல் தொடங்கிய கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, 1955இல் தொடங்கிய தஞ்சாவூர் மன்னர் சரபோஜி கல்லூரி, பூண்டி, மன்னம்பந்தல் போன்ற இடங்களில் அரசு உதவி பெறும் கல்லூரிகள், 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம், அதற்கு அடுத்த ஆண்டு வந்த பாரதிதாசன் பல்கலைக்கழகம், 2009இல் திருவாரூர் அருகே நீலக்குடியில் அமைந்த மத்தியப் பல்கலைக்கழகம், 2012இல் நாகப்பட்டினத்துக்குக் கிடைத்த மீன்வளப் பல்கலைக்கழகம், துவாக்குடியில் என்.ஐ.டி., தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தலுக்கான நிப்டெம், 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கும் ஆடுதுறை, திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் ஆகிய அனைத்தும் பேருந்திலோ ரயிலிலோ சென்றுவரக்கூடிய தூரத்துக்குள் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஆள் எடுக்கும் முறை வேறு, கேட்கும் தகுதி வேறு, அறிவிப்பு வரும் இடமும் வேறு. ஒரே மாதிரி விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் அனுப்புவதால் பயன் இல்லை.

பலரும் முதலில் நினைப்பது அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணியைத்தான். ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அதன் மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேரும். வாரத்துக்கு 16 மணி நேர நேரடி வகுப்பு என்பது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வகுத்துள்ள அளவு. நிரந்தரப் பணியில் இருப்பவர்தாம் முனைவர் பட்ட மாணவருக்கு நெறியாளராக முடியும் என்பதால், ஆய்விலும் இந்தப் பணி கதவைத் திறந்தே வைக்கிறது. உதவிப் பேராசிரியர் ஒருவர், தரமான இதழ்களில் குறைந்தது மூன்று கட்டுரைகள் வெளியிட்டிருந்தால், நான்கு பேர் வரை வழிநடத்தலாம் என்று யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடு முழுமையாகப் பின்பற்றப்படுவதால், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இதைவிட நம்பகமான வழி வேறு இல்லை என்றே சொல்வேன்.

இவ்வழியின் குறை, அறிவிப்பு எப்போது வரும் என்று எவராலும் கணிக்க முடியாததுதான். ஆசிரியர் தேர்வு வாரியம் 2013இல் 1,093 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. 2019இல் 2,331 இடங்களுக்கு வந்த அறிவிப்பு நியமனத்தில் முடியாமலே கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று வந்த அறிவிப்பின் எழுத்துத் தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு மீண்டும் அறிவிப்பு வந்தது. 2013க்குப் பின் முனைவர் பட்டம் பெற்று, வேறு எதிலும் சேராமல் இதற்காகவே காத்திருந்தவர்கள் இழந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. வயது வரம்பு தாராளமாக இருப்பதால் இந்தக் கதவு விரைவில் மூடிவிடாது. ஆகவே இதற்குப் படித்துக்கொண்டே வேறு பணியில் இருப்பதுதான் சரி என்பது என் கருத்து. தேர்வு முறையும் மாறிவிட்டது. முன்பு பணி அனுபவத்துக்கும் நேர்காணலுக்கும் முதன்மை இருந்தது. இப்போது எழுத்துத் தேர்வே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. முதுகலைப் பாடத்திட்டத்தை மறந்துவிடாமல் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் படித்து வருபவர், அறிவிப்பு வந்தபின் விடுப்பு எடுத்துப் படிப்பவரைவிட நிம்மதியாக இருப்பார்.

காத்திருக்கும் காலத்தில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்துவிடலாமே என்பது அடுத்து எழும் எண்ணம். ஊர் மாற வேண்டாம், கற்பிக்கும் அனுபவமும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதங்களுக்கு மட்டும் என்பது ஒரு குடும்பத்தை நடத்தப் போதாது. கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019இலேயே வழிகாட்டியிருக்கிறது. இந்த இடைவெளியால் ஏற்படும் இன்னொரு பாதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. யுஜிசியின் 2018 விதிமுறைகளின்படி, தற்காலிகப் பணிக்காலம் முன்பணியாகக் கணக்கில் வர வேண்டுமானால், அக்காலத்தில் பெற்ற மொத்த ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அதாவது, எட்டு ஆண்டுகள் உழைத்த கௌரவ விரிவுரையாளர் ஒருவர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கும்போது அந்த எட்டு ஆண்டுகளும் அனுபவமாக ஏற்கப்படாமல் போகலாம். மாணவர்களுக்காக உழைத்த காலம் தாளில் இல்லாமல் போவது பெரும் அநீதி. அது திருத்தப்படும் வரை, வேறு வழி அமையாத ஓரிரு ஆண்டுகளுக்கு மட்டும் இதை ஏற்றுக்கொள்வதே நல்லது.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடம் கிடைத்தால் ஊதியமும் உரிமைகளும் அரசுக் கல்லூரிக்கு இணையானவை. தேர்வை நடத்துவது நிர்வாகம், ஒப்புதல் தருவது கல்லூரிக் கல்வி இயக்ககம். ஆனால் ஒரே வளாகத்தில் அரசு ஊதியம் பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் அடுத்தடுத்து இயங்குவதால், விளம்பரத்தில் உள்ள இடம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளாமல் சேரக் கூடாது. சுயநிதிப் பிரிவில் இருந்தால் பின்னாளில் அரசு ஊதியப் பிரிவுக்கு மாற்றிவிடுவோம் என்ற வாய்மொழி உறுதிக்கு எந்த மதிப்பும் இல்லை. பணியிடத்துக்காகப் பணம் கேட்கப்படும் இடத்தில் நின்று பேசவே தேவையில்லை. நிலத்தை அடமானம் வைத்து அப்படிக் கொடுத்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அவர்களின் கடன் பணி ஓய்வு வரை தொடர்ந்தது.

தனியார் கல்லூரிகளையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது சரியல்ல. திருமலைசமுத்திரத்தில் உள்ள சாஸ்த்ரா போல ஆய்வகங்களும் முழுநேர ஆய்வு மாணவர்களும் கொண்ட நிறுவனங்கள் ஒரு வகை. கற்பித்தலை மட்டுமே நம்பி, மாணவர் சேர்க்கையை வைத்து நடக்கும் கல்லூரிகள் இன்னொரு வகை. எனக்குத் தெரிந்த அத்தகைய கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியர்களுக்கு வாரம் 22 மணி நேர வகுப்பு. மாலையில் கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்புகளைத் தயாரிக்க வேண்டும். பருவத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தம். அதன் பின் மே மாத வெயிலில், பிளஸ் டூ முடித்த மாணவர்களின் முகவரிப் பட்டியலுடன் வலங்கைமான், நீடாமங்கலம் பக்கத்துக் கிராமங்களுக்குச் சேர்க்கைப் பணிக்காக அனுப்பப்படுவார்கள். இத்தனை மாணவர்களைச் சேர்த்தால்தான் ஜூன் மாதச் சம்பளம் என்ற நிபந்தனையும் அங்கே உண்டு. இதற்கிடையில் ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரையைப் பிரித்தெழுதி அனுப்புவதற்குக்கூட அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. ஆர்வம் குறைந்ததால் அப்படி ஆகவில்லை. கட்டுரை எழுத ஒருவருக்குக் கலையாத சில மணி நேரங்கள் வேண்டும். அந்த நேரத்தைப் பணியிடமே எடுத்துக்கொண்டுவிட்டது.

எனவே தனியார் நிறுவன நேர்காணலில் நீங்களும் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, கடந்த ஆண்டு உங்கள் துறையினர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார்கள், வெளி நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டம் ஏதாவது இருக்கிறதா, சேர்க்கைப் பணி உண்டா, சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா என்று பணிவாகவும் நேராகவும் கேளுங்கள். இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு முன்பே துறையில் இளையவராக இருக்கும் ஓர் ஆசிரியரைத் தனியே சந்தித்துப் பேசுவது இன்னும் நல்லது. மூலச் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதே முறை. பிடித்து வைத்துக்கொள்ளும் இடத்தில் இருந்து இன்னொரு வேலைக்குப் போவது கடினம்.

மத்தியப் பல்கலைக்கழகப் பணிக்கான விண்ணப்பம் இவற்றிலிருந்து வேறுபட்டது. நிறுவனங்களின் தனித்தனி இணையதளங்களோடு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக 2023இல் தொடங்கப்பட்ட சியு-சயன் வேலைவாய்ப்புத் தளத்திலும் அறிவிப்புகள் வருகின்றன. 2023 ஜூன் மாதத் திருத்தத்தின்படி உதவிப் பேராசிரியருக்குத் தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி. முனைவர் பட்டம் கட்டாயமில்லை. இதைப் படித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு மதிப்பில்லாமல் போனதே என்று வருந்துபவர்கள் நேர்காணலுக்கு ஆளைத் தெரிவுசெய்யும் மதிப்பெண் அட்டவணையைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கான அட்டவணையில் முனைவர் பட்டத்துக்கு 30 மதிப்பெண். முதுகலைக்கு அதிகபட்சம் 25, இளங்கலைக்கு 15. நெட் தேர்ச்சிக்கு 5, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வுதவியுடன் என்றால் 7, மாநிலச் செட் தேர்வுக்கு 3. ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. கற்பித்தல் அல்லது முதுமுனைவர் ஆய்வு (முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் ஆய்வு) அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10.

இதை இரண்டு பேருக்குப் பொருத்திப் பார்க்கலாம். இருவருமே இளங்கலையில் 72 விழுக்காடு, முதுகலையில் 78 விழுக்காடு, முனைவர் பட்டம், நெட் தேர்ச்சி பெற்றவர்கள். அட்டவணைப்படி 13, 23, 30, 5 என்று ஆளுக்கு 71 மதிப்பெண் ஆகிறது. முதலாமவர் குறைந்த ஊதியத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார்; கட்டுரை எதுவும் வெளிவரவில்லை; பணிக்காலமும் ஏற்கப்படவில்லை. அவர் 71இலேயே நிற்கிறார். இரண்டாமவர் இரண்டு ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வாளராக இருந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். கட்டுரைகளுக்கு 10, அனுபவத்துக்கு 4 சேர்ந்து 85 ஆகிறது. நேர்காணலுக்கு அழைக்கப்படுபவர் யார் என்பதை இந்தப் பதினான்கு மதிப்பெண் தீர்மானித்துவிடும். அழைப்பு வந்தபின் இந்த எண்களுக்கு வேலை இல்லை. இறுதித் தேர்வு நேர்காணலில் காட்டும் திறனை மட்டுமே பொறுத்தது. கல்லூரிகளுக்கான அட்டவணை சற்று மாறுபட்டது. அங்கே கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 6தான், நெட் தேர்ச்சிக்கு 8 கிடைக்கும். கட்டுரைகள் குறைவாக இருந்தாலும் நெட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு இது சாதகமானது. கட்டுரைகளை எங்கே வெளியிடுவது என்பதிலும் கவனம் தேவை. தரமான இதழ்களுக்கான கேர் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டதால், பணம் பெற்றுக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களை அடையாளம் காணும் பொறுப்பு இப்போது ஆய்வாளரிடமே இருக்கிறது.

மேலே சொன்ன கணக்கின் அடிப்படையில்தான், அறிவியல், வேளாண்மை, பொறியியல் துறைகளில் பட்டம் பெறுபவர்களுக்கு முதல் பணியாக ஆய்வுத் திட்டப் பணியையோ முதுமுனைவர் ஆய்வையோ பரிந்துரைக்கிறேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023இல் திருத்திய அளவின்படி, முனைவர் பட்டம் பெற்ற ஆராய்ச்சி இணையாளருக்கு மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். அகவிலைப்படி இதில் சேராது என்பதால், அரசுக் கல்லூரி ஆசிரியரின் கையில் வரும் தொகையோடு இதை அப்படியே ஒப்பிட முடியாது. இருந்தாலும் பல தனியார் கல்லூரிகளில் தரும் சம்பளத்தைவிட இது கூடுதல். மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். வழங்கும் தேசிய முதுமுனைவர் ஆய்வுதவி இரண்டு ஆண்டுகளுக்கானது. வயது வரம்பு 35, பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. இளம் ஆய்வாளர்களுக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபேக்கல்டி திட்டத்துக்கு வயது வரம்பு 32. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் கதவு பல ஆண்டுகள் திறந்திருக்கும், ஆய்வுதவிகளின் கதவோ முப்பதுகளின் நடுவிலேயே மூடிவிடும் என்பதைக் கவனித்தால், எதை முதலில் செய்வது என்பது தெளிவாகும்.

திட்டப் பணிகளிலும் ஒரு தொல்லை உண்டு. வயல் சார்ந்த ஆய்வு என்றால் அது இன்னும் கூடுதல். ஆடுதுறையிலோ தஞ்சாவூர் அருகே காட்டுத்தோட்டத்திலோ இரண்டு ஆண்டு நெல் திட்டம் ஒன்று ஒப்புதல் பெறுகிறது என்று கொள்வோம். நிதி வந்து, அறிவிப்பு வெளியாகி, நேரடி நேர்காணல் முடிந்து ஆள் சேரும்போது செப்டம்பர் ஆகிவிடுகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து நட்ட குறுவை அப்போது அறுவடைக்கு நிற்கும். சம்பா நாற்று வளர்ந்திருக்கும். தாளடி மட்டுமே கையில் இருக்கும். வயல் சோதனையை இரண்டு பருவங்களிலாவது திரும்பச் செய்து காட்டினால்தான் நல்ல இதழ்கள் ஏற்கும். குறுவையில் செய்ய வேண்டிய ஆய்வாக இருந்து, அடுத்த ஆண்டு தண்ணீர் தாமதமானால் கணக்கு முழுவதும் மாறிவிடும். 2023இல் தண்ணீர்ப் பற்றாக்குறையால் குறுவை எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டது என்பதை இங்கே எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆகவே நேர்காணலில் முதன்மை ஆய்வாளரிடம், திட்டம் எந்த மாதம் தொடங்கியது, இன்னும் எத்தனை மாதங்கள் மீதி, எத்தனை பருவங்களின் தரவு ஏற்கெனவே இருக்கிறது, அந்தத் தரவிலிருந்து எழுதும் கட்டுரையில் என் பெயர் எந்த இடத்தில் வரும் என்று கேட்பது முறைகேடு அல்ல. நல்ல ஆய்வாளர்கள் அப்படிக் கேட்பவர்களை மதிக்கிறார்கள். ஆய்வகத்துக்குள்ளேயே முடியும் திட்டங்களில், குறிப்பாக நிப்டெம், என்.ஐ.டி. போன்ற இடங்களில், இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. அங்கே கேட்க வேண்டியது கருவிகளைப் பயன்படுத்த எத்தனை நாள் வரிசையில் நிற்க வேண்டும் என்பதைத்தான்.

இத்தகைய பணிகளுக்கான அறிவிப்புகள் நாளிதழ்களில் வருவதில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு மூலையில் வெளியாகி, இரண்டு வாரங்களுக்குள் நேர்காணலும் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட பத்துப் பன்னிரண்டு தளங்களைப் பார்த்துவிடும் பழக்கம் போதுமானது. அதைவிட நல்லது, உங்கள் ஆய்வுக்கு நெருக்கமான பேராசிரியர்களுக்கு, அவர்களுடைய கட்டுரையைப் படித்ததன் அடையாளம் தெரியும்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஆறு மாதங்கள் முன்பே மின்னஞ்சல் எழுதுவது.

தமிழ், வரலாறு, பொருளியல் போன்ற துறையினருக்கு என் பரிந்துரை வேறு. அங்கே முதுமுனைவர் ஆய்விடங்கள் மிகக் குறைவு. சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் ஆய்வுதவியும் சில மத்திய நிறுவனங்களின் உதவிகளும் தவிர அதிகம் இல்லை. ஆகவே எழுத்துத் தேர்வுக்கான தயாரிப்பே அவர்களுக்கு முதன்மையானது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற முடிந்தால் முனைவர் பட்டப் படிப்பின்போதே மாதம் 37,000 ரூபாய் வருவதோடு, மேலே சொன்ன அட்டவணையிலும் மதிப்பெண் கூடுகிறது. ஆய்வேட்டை நல்ல பதிப்பகம் ஒன்றில் நூலாக்குவது இத்துறையினருக்குக் கட்டுரைக்கு ஈடான பயனைத் தரும். ஆனால் சொந்தப் பணத்தில் அச்சிட்டு அடுக்கி வைப்பதால் அல்ல. வெளிநாட்டு முதுமுனைவர் ஆய்வு அறிவியலாருக்கு மிக நல்ல வழி என்பதில் ஐயமில்லை. குடும்பப் பொறுப்பு அனுமதிப்பவர்கள் பட்டம் பெற்ற முதல் சில ஆண்டுகளிலேயே முயல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வுதவிக்குப் பட்டம் பெற்று எட்டு ஆண்டுகளுக்குள் என்பது வரம்பு.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் நிரந்தர நியமனத்தை எதிர்பார்த்துத் திட்டமிடுவதை மட்டும் நான் ஊக்குவிப்பதில்லை. நிதி நெருக்கடியால் இடங்கள் நிரப்பப்படாமல் இருக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு ஏற்றபின், அங்கே கூடுதலாக இருந்த ஆசிரியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பப்பட்டதும் புதியவர்களுக்கான இடங்களைக் குறைத்தது. அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள், அதை நம்பி வேறு எதையும் விட்டுவிடாதீர்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இப்போதே சேகரிக்க வேண்டிய தாள்கள் சில உண்டு. உங்கள் முனைவர் பட்டம் யுஜிசியின் 2009, 2016 அல்லது 2022 விதிமுறைப்படி வழங்கப்பட்டது என்ற சான்றிதழைப் பதிவாளரிடம் பட்டத்தோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பின்னாளில் அதற்காக அலைவது பல மாதங்கள் பிடிக்கும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் மத்திய நிறுவனங்களில் விண்ணப்பிக்க மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ் வேண்டும். அதில் எட்டு லட்சம் ரூபாய் வருமான வரம்பைக் கேட்டதும், நமக்கு வயல் வருமானம் இருக்கிறதே என்று நம் பகுதியில் பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அந்த வரம்பில் விவசாய வருமானமும் பெற்றோரின் சம்பளமும் சேர்க்கப்படுவதில்லை. பாசன நிலம் எவ்வளவு இருக்கிறது என்பது தனியாகப் பார்க்கப்படும். நில உச்சவரம்பில் 85 விழுக்காட்டை எட்டினால்தான் வளமான பிரிவாகும். பெற்றோர் அரசுப் பணியில் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதும் தனி விதி. இந்த விதிகளின் நகல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்றால், சம்பளத்தையும் வயல் வருமானத்தையும் கூட்டிப் போட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் இடத்திலேயே அதைக் காட்டிப் பேச முடியும். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு இரண்டு மாதங்கள் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.